முதலில் இரும்பைத் தொடு

டி.என். 28 என்று தொடங்கும் பதிவெண்ணோடு ஒரு எல்பிஜி டேங்கர் பாட்டிலிங் பிளான்ட்டுக்குள் வந்து நிற்கிறது. டிரைவர் இன்ஜினை அணைக்கிறார். சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிறார்கள். அடுத்து ஹோஸை மாட்ட வேண்டியதுதானே என்று வேடிக்கை பார்ப்பவருக்குத் தோன்றும். மாட்டமாட்டார்கள். கம்பி கோத்த பெரிய கிளிப் ஒன்றை எடுத்து முதலில் டேங்கரின் உடம்பைக் கவ்வ விடுவார்கள். கம்பியின் மறுமுனை மண்ணுக்குள் போகிறது. வண்டியின் மேல் மின்னேற்றம் தங்கியிருந்தால் அது பொறியாகத் தாவாமல் ஓசையில்லாமல் இறங்கிப் போக வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. கிளிப் மாட்டாமல் ஹோஸைத் தொடக் கூடாது.

தென்மண்டல எல்பிஜி டேங்கர் லாரி உரிமையாளர்கள் சங்கம் இருப்பது நாமக்கல்லில்தான். ஆகவே இந்த ஊருக்கு ‘நிலைமின்சாரம்’ என்கிற பாடப்புத்தகச் சொல் பழக்கமில்லாமல் இருக்கலாம். விஷயம் நன்றாகவே தெரியும். கம்ப்யூட்டரைத் திறந்து கார்டு மாட்டுகிறவர் முதலில் கேபினெட்டின் இரும்பைத் தொடுகிறாரே, அது இந்தக் கிளிப்பின் வேலைதான். டேங்கரில் பயம் தீ. கேபினெட்டுக்குள் பயம், கண்ணுக்கே தெரியாத ஒரு பொத்தல்.

கார்டு மாட்டும் பழக்கம் சேலம், நாமக்கல் சமவெளிக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் ஸ்லாட்டிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்லாட் என்பது கம்ப்யூட்டரின் திண்ணை. வருகிற வழிப்போக்கர் யாரென்று தெரியாமலேயே கட்டி வைத்த இடம். 1977இல் வந்த ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் 8 ஸ்லாட்டுகள் இருந்தன. பிரின்டருக்கு ஒன்று, மோடமுக்கு ஒன்று, இரண்டே போதும் என்றார் ஸ்டீவ் ஜாப்ஸ். எட்டும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து ஜெயித்தவர் ஸ்டீவ் வோஸ்னியாக். 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் பிசியை அறிமுகப்படுத்தியபோது அதில் 5 ஸ்லாட்டுகள்; 1983இல் வந்த எக்ஸ்டி மாடலில் 8. ஐபிஎம் இன்னொன்றும் செய்தது. மெஷினின் சர்க்யூட் வரைபடங்களை நூலாகவே அச்சிட்டு விற்றது. அதைப் பார்த்து யார் வேண்டுமானாலும் அந்த ஸ்லாட்டுக்குப் பொருந்தும் கார்டு செய்யலாம் என்றாயிற்று. தைவானிலும் ஹாங்காங்கிலும் செய்தார்கள்.

அந்த ஐபிஎம் 1978லேயே இந்தியாவை விட்டுக் கிளம்பியிருந்தது. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்து, உதிரி பாகங்களின் இறக்குமதியைத் தளர்த்திய பிறகுதான் கதவு திறந்தது. எச்சிஎல், விப்ரோ, பெர்டெக் என்று வடக்கிலும் பெங்களூரிலும் பெயர்கள் முளைத்த காலத்தில், சென்னையில் சி. சிவசங்கரனின் ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் ‘சிவா பிசி’யை 33 ஆயிரம் ரூபாய் அளவில் விற்றுச் சந்தையைக் கலக்கியது. அன்றைக்கு அந்த விலை ஒரு அடிதடிதான். பிராண்டு மெஷினுக்குப் பக்கத்திலேயே ‘அசெம்பிள்டு’ என்ற சொல்லும் ஊருக்குள் வந்தது.

சேலம் இதற்கு வாகான இடத்தில் இருந்தது. ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும்போது சென்னை. மவுண்ட் ரோட்டுக்குப் பக்கத்திலேயே ரிச்சி தெரு. ரேடியோ சாமான் விற்றுக்கொண்டிருந்த அந்தத் தெரு மெல்ல மதர்போர்டு விற்கத் தொடங்கியிருந்தது. அது வேண்டாமென்றால் தருமபுரி, ஓசூர் வழியாகப் பஸ் ஏறி, 200 கிலோமீட்டரில் பெங்களூர் எஸ்.பி. ரோடு. இரண்டு சந்தைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற ஊர் விலை விசாரிக்கக் கற்றுக்கொள்ளாமல் இருக்குமா?

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இன்றைக்குக் கார்டு மாட்டுவது என்றால் ஏற்கெனவே ஓடுகிற மெஷினில் கூடுதலாக ஒன்றைச் சேர்ப்பது. எக்ஸ்டி காலத்தில் கார்டு இல்லாவிட்டால் மெஷினே கிடையாது. மதர்போர்டில் சொந்தமாக இருந்தது கீபோர்டு செருகும் ஓட்டை மட்டும். திரை தெரிய ஹெர்குலிஸ் கார்டு. பிளாப்பிக்கு ஒரு கார்டு. ஹார்டு டிஸ்க் வாங்கும் வசதி இருந்தால் அதற்கு ஒன்று. பிரின்டரும் மவுஸும் மாட்ட ‘மல்ட்டி ஐ-ஓ’ கார்டு. சேலம் லீ பஜார் மண்டிக்கோ சேகோ ஆலைக்கோ லாரி பைனான்ஸ் அலுவலகத்துக்கோ கணக்கு எழுத ஒரு பிசி தேவைப்பட்டால், நாலைந்து கார்டுகளை ஒருவர் கையால் அழுத்தி உட்கார வைத்தாக வேண்டும். அந்தக் கை பழகிய கையாக இருந்தாக வேண்டும். கார்டு ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் விலை.

பழகுவதற்கு முதல் பாடம் ஜம்பர். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு பிளாஸ்டிக் மூடி. அதற்குள் ஒரு துளித் தகடு. கார்டின் மேல் நிற்கும் இரண்டு ஊசிகளை அது இணைக்கும். எந்த இரண்டு ஊசியில் மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்து, ‘எனக்கு வேலை இருக்கிறது’ என்று பிராசஸரைக் கூப்பிட அந்தக் கார்டுக்கு எந்த மணி என்பது முடிவாகும். ஐஆர்க்யூ என்பார்கள். ஒரே மணியை இரண்டு பேர் அடித்தால் குழப்பம். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் கார்டு 7ஆம் மணியோடு பிறந்தது. பிரின்டர் போர்ட்டுக்கும் 7தான். பாட்டு வந்தால் பிரின்ட் வராது, பிரின்ட் வந்தால் பாட்டு தடுமாறும். பிந்தைய மாடல்களில் அதை 5க்கு மாற்றினார்கள். ஜம்பரை மாற்றும்போது அது விரலிலிருந்து துள்ளி மொசைக் தரையில் விழுந்து மறைந்துவிடும். தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்து டார்ச் அடித்துத் தேடுவது அந்தத் தொழிலின் முக்கியமான யோகாசனம்.

1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்து, கார்டைச் செருகினால் மெஷினே அடையாளம் கண்டுகொள்ளும் என்று வாக்குக் கொடுத்தது. பாதி நேரம் கண்டுகொண்டது.

தமிழுக்கும் ஒரு காலத்தில் கார்டு தேவைப்பட்டது என்பது இன்றைய பிள்ளைகளுக்கு நம்ப முடியாததாக இருக்கும். ஐஐடி கான்பூரில் தொடங்கிய ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டு, புனேயில் 1988இல் அமைந்த சி-டாக் நிறுவனம் ‘ஜிஸ்ட் கார்டு’ ஒன்றை உருவாக்கியது. அதை ஸ்லாட்டில் மாட்டினால் டாஸில் ஓடும் வேர்ட்ஸ்டார், டிபேஸ், லோட்டஸ் போன்ற ஆங்கில மென்பொருள்களிலேயே தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளைத் தட்டலாம், திரையில் படிக்கலாம். இந்திய மொழிகளுக்கான ஐஎஸ்சிஐஐ குறியீட்டுத் தரம் 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை பெற்றது இந்த வேலையின் தொடர்ச்சிதான். மென்பொருளே எழுத்துருவைக் காட்டக் கற்றுக்கொண்டதும் அந்தக் கார்டுக்கு வேலை போயிற்று. ‘அ’ தெரியவில்லையென்றால் ஸ்குரூ டிரைவரை எடுத்த ஒரு சில ஆண்டுகள் இருந்தன.

சரி, கேபினெட்டின் இரும்புக்கு வருவோம். தொண்ணூறுகளில் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்தவர்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்: வாசலில் செருப்புக் குவியல். கோயிலுக்கு அடுத்தபடியாக நாம் செருப்பைக் கழற்றியது அங்கேதான். தூசி உள்ளே போகக் கூடாது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. தூசிக்கு அது எவ்வளவு பயன்பட்டதோ, வேறொன்றுக்கு நன்றாகப் பயன்பட்டது. சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நிற்கிற உடம்பில் நிலைமின்சாரம் அவ்வளவாகத் தங்காது. காலடி வழியாகவே கசிந்துவிடும். அமெரிக்கக் கையேடுகள் கார்ப்பெட்டைப் பார்த்து அலறியதற்கும், நம் ஊரில் பலர் மணிக்கட்டில் எந்தப் பட்டையும் கட்டாமல் கார்டு மாட்டித் தப்பித்ததற்கும் நடுவில் இந்தச் சிவப்புச் சிமென்ட் தரை இருக்கிறது.

எப்போதும் அப்படித் தப்பிக்க முடியவில்லை. மனிதத் தோலுக்கு நிலைமின்சாரத்தின் சொடுக்கு உறைக்க ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். சில சிப்புகள் 100 வோல்ட்டுக்கும் கீழேயே அடிபட்டுவிடும். அதாவது, கொலை நடந்தது கொன்றவருக்கே தெரியாது. சிப்புக்குள் இருக்கும் காப்புப் படலம் முடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெலிசு. அதில் ஊசி முனைப் பொத்தல் விழுந்தால் அன்றைக்கே சாகும், அல்லது தத்தளித்துப் பல வாரம் கழித்துச் சாகும். இரண்டாவது வகைதான் கடைக்காரருக்குத் தலைவலி. ‘கொடுத்தபோது நல்லாத்தானே ஓடுச்சு’ என்று வாடிக்கையாளர் கேட்பார். அவர் கேட்பது நியாயமும்கூட.

இதில் காற்றின் ஈரத்துக்குப் பெரிய பங்கு. வினைல் தரையில் நடந்தால் காற்று மிக வறண்டிருக்கும்போது உடம்பில் 12,000 வோல்ட் வரை ஏறும். ஈரம் நிறைந்த நாளில் 250 வோல்ட்டைத் தாண்டுவது கஷ்டம் என்று அமெரிக்க ராணுவத்தின் பழைய கையேட்டு அட்டவணை சொல்கிறது. சேலத்துக்குக் கடல் கிடையாது. மாசியிலிருந்து சித்திரை வரை பகல் காற்று உலர்ந்து கிடக்கும். நூல் மில்லில் வேலை பார்த்தவர்களிடம் இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. காற்று காய்ந்தால் பஞ்சு பறக்கும், இழை அறுந்துபோகும், நூல் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு முரண்டு பிடிக்கும். அதனால்தான் மில்லுக்குள் தண்ணீரைப் பனியாகத் தெளிக்கும் ஹியுமிடிபிகேஷன் எந்திரங்கள். பருத்தியே இப்படியென்றால், பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் ஓடும் பாலியெஸ்டர் நூலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இந்தப் பகுதியின் தறிக்காரர்கள் கம்ப்யூட்டரைப் பார்ப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே நிலைமின்சாரத்தோடு மல்லுக்கட்டியவர்கள்.

பிறகு கம்ப்யூட்டர் அறைகளுக்கு ஏசி வந்தது. ஏசி காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்தது. சிமென்ட் தரைமேல் வினைல் ஷீட் ஒட்டினார்கள். அறையை அழகுபடுத்திய ஒவ்வொரு செலவும் கார்டுக்கு எதிராகவே வேலை செய்தது.

ஆனால் வெறுங்காலுக்கு ஒரு விலையும் உண்டு. தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்த எல்லோருக்கும் பழக்கமான அனுபவம் அது: கேபினெட்டின் பின்பக்கம் கை பட்டதும் ‘ஜிவ்’வென்று ஒரு கூச்சம். டெஸ்டரை வைத்தால் மினுக்கும். பலர், மெஷினுக்குக் கரண்டு கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி கெட்டுவிட்டது என்று மாற்றினார்கள், புதியதும் ஜிவ்வென்றது. எஸ்எம்பிஎஸ் மேல் தப்பில்லை. மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக அதற்குள் இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள், பேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக, கேபினெட் இரும்போடு இணைந்திருக்கும். பிளக்கின் மூன்றாவது முள் உண்மையான எர்த்தோடு சேர்ந்திருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினெட் 230 வோல்ட்டில் பாதியில், அதாவது சுமார் 115 வோல்ட்டில் மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் சொற்பம், ஆளைக் கொல்லாது. ஆனால் அதே இரும்பில்தான் கார்டு திருகப்பட்டிருக்கிறது. அதே கார்டிலிருந்துதான் பிரின்டருக்கும் வேறு சாதனத்துக்கும் ஒயர் போகிறது. அந்தச் சாதனத்துக்கு ஒழுங்கான எர்த் இருந்தால், ஒயரைச் செருகுகிற கணத்தில் வித்தியாசம் முழுவதும் அந்தச் சின்ன பின் வழியாகப் பாயும். போர்ட் போய்விடும். கெட்டது எது, கெடுத்தது எது என்று யாருக்கும் புரியாது.

மூன்றாவது முள்ளின் கதையே தனி. நம் ரவுண்டு பின் பிளக், 1934ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தரத்திலிருந்து வந்தது. எர்த் முள் மற்ற இரண்டையும்விடத் தடிமன், நீளம். செருகும்போது முதலில் தொடுவதும் பிடுங்கும்போது கடைசியில் விடுவதும் அதுவே. அதே ஆண்டில்தான் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. 1937இலிருந்து அங்கே மின்சாரம் உற்பத்தியாகி இந்தச் சமவெளிக்கு ஓடத் தொடங்கியது. மின்சாரம் மலையடியிலிருந்து தாராளமாக வந்தது. எர்த்தை மட்டும் அவரவர் வீட்டு மண்ணில்தான் தேட வேண்டும். இங்கே மண் எங்கே இருக்கிறது? நாலடி தோண்டினால் பாறை. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டித் தொழில் பெருகி நாடெங்கும் ஓடியதற்குப் பின்னாலும் இந்தப் பாறைதான் இருக்கிறது. காய்ந்த பாறை மின்சாரத்தை வாங்கிக்கொள்ளாது. அதனால் குழி வெட்டி, இரண்டரை மீட்டர் ஜிஐ பைப்பை நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, கோடையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவர வேண்டும். துளசி மாடத்துக்கு ஊற்றுகிறவர்கள்கூட எர்த் குழிக்கு ஊற்றுவதில்லை.

இன்னும் மோசமான ஒன்று உண்டு. எர்த் இல்லாத வீட்டில் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த் ஓட்டையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுகிற குறுக்கு வழி. டெஸ்டர் மினுக்காது, ஜிவ்வென்றும் இருக்காது. வேலை முடிந்தது என்று ஆள் போய்விடுவார். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் கேபினெட்டின் இரும்பு முழுவதும் 230 வோல்ட். இதைச் செய்கிறவர்களைக் கெட்டிக்காரர்கள் என்று சொல்கிற ஊர்வழக்கத்தை மன்னிக்க முடியாது.

அப்படியானால் கார்டு மாட்டும்போது பிளக்கைப் பிடுங்க வேண்டுமா, எர்த்துக்காக விட்டுவைக்க வேண்டுமா? இந்த வாக்குவாதத்துக்கும் வரலாறு இருக்கிறது. பழைய ஏடி வகை மெஷினில் முன்பக்கச் சுவிட்ச் நிஜச் சுவிட்ச். 230 வோல்ட் தாங்கும் தடித்த ஒயர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கேபினெட்டுக்குள் ஊர்ந்து முன்பக்கம் வரை வரும். சுவிட்சை அணைத்தால் மதர்போர்டுக்குள் கரண்டே இருக்காது. அதனால் பிளக்கை விட்டுவைத்து எர்த்தின் துணையோடு வேலை பார்த்தவர்கள் உண்டு. ஆனால் அந்தத் தடித்த ஒயரின் முனைகளில் உறை நழுவியிருந்தால் கை சுட்டுவிடும். 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் முறை இந்தக் கணக்கை மாற்றியது. முன்பக்கப் பொத்தான் இப்போது வெறும் வேண்டுகோள். மெஷின் ‘அணைந்து’ கிடக்கும்போதும் 5 வோல்ட் மதர்போர்டுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். சில போர்டுகளில் அதற்குச் சாட்சியாக ஒரு குட்டி எல்இடி எரியும். ஏடி பழக்கத்தில், திரை இருண்டிருக்கிறதே என்று கார்டைச் செருகியவர்கள் கார்டை மட்டும் இழந்தால் அதிர்ஷ்டசாலிகள்.

சுவரில் சுவிட்ச் இருக்கிறதே, அதை அணைத்தால் பேஸ் மட்டும் அறும், எர்த் அப்படியே இருக்கும் என்பது நம் ஊர் ஏற்பாட்டின் ஒரு நல்ல குணம். ஆனால் ஒயரிங் செய்தவர் பேஸையும் நியூட்ரலையும் இடம் மாற்றியிருந்தால்? சுவிட்ச் நியூட்ரலை அறுக்கும், பேஸ் உள்ளேயே காத்திருக்கும். எனவே பழகியவர்கள் பிடுங்கிவிடுகிறார்கள். பிடுங்கிய பிறகு பவர் பொத்தானை ஒருமுறை அழுத்துவார்கள். தேங்கிய கரண்டில் மின்விசிறி அரைச் சுற்று சுற்றி நிற்கும். எர்த் போய்விட்டதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. கையும் கேபினெட்டும் கார்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும், அவற்றுக்கிடையே பாய எதுவும் இல்லை. கேபினெட்டின் வண்ணம் பூசாத இரும்பை ஒரு கையால் தொட்டபடி மறுகையால் கார்டின் பையைப் பிரிப்பது அதற்காகத்தான். கடைகளில் விற்கும் மணிக்கட்டுப் பட்டையும் அதையே செய்கிறது. அதன் ஒயரில் 10 லட்சம் ஓம் தடை ஒன்று ஒளிந்திருக்கும். தவறிப்போய்க் கரண்டில் பட்டால் பட்டை கட்டியவரைக் காப்பது அந்தத் தடை. அதைத் தெரிந்துகொள்ளாமல் வெறும் செம்புக் கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டு உட்காருவது, பட்டையே இல்லாததைவிட ஆபத்து.

லாரி எலக்ட்ரீசியன்களுக்கும் ஒரு முறை உண்டு. எந்த வேலைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்று. சேஸிஸ் முழுவதும் ‘பாடி எர்த்’ என்பதால், அதைக் கழற்றிய பிறகு ஸ்பேனர் தவறி எங்கே பட்டாலும் பொறி பறக்காது. பாடி கட்டுவதற்குப் பேர்போன நாமக்கல்லில், பாடி எர்த் தெரிந்த பையன் கேபினெட்டைத் திறக்கும்போது அவனுக்குப் பாதி பாடம் முடிந்திருக்கும்.

மீதிப் பாதி விரல்களில். பின்பக்கத்துத் தகட்டை எடு. மலிவு கேபினெட்டில் அந்தத் தகட்டை முன்னும் பின்னும் ஆட்டி முறித்தெடுக்க வேண்டும், விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், கார்டு மாட்டிய கைகளில் பழைய கீறல் இல்லாத கை கிடையாது. கார்டை ஓரத்தில் பிடி. கீழே மின்னும் தங்கப் பற்களைத் தொடாதே. கறுப்பு ஸ்லாட் ஐஎஸ்ஏ, வெள்ளை பிசிஐ, பழுப்பு ஏஜிபி என்று நிறம் பார்த்தே இடம் சொல்லலாம். பள்ளமும் மேடும் பொருந்துகிறதா என்று பார். பழைய 3.3 வோல்ட் ஏஜிபி கார்டையும் புதிய 1.5 வோல்ட் ஸ்லாட்டையும் பிரித்து வைத்தது அந்தப் பள்ளம் மட்டுமே. இரண்டு முனையிலும் சமமாக அழுத்து. ஆட்டி ஆட்டிச் செருகாதே. ‘டக்’ என்று உட்காரும். அப்புறம் ஸ்குரூ. அந்த ஒரு ஸ்குரூவைச் சோம்பேறித்தனத்தால் விட்டவர்களின் கார்டுகள், சேலத்திலிருந்து ராசிபுரத்துக்கு டிவிஎஸ் 50 பின்சீட்டில் போவதற்குள் ஒரு நூலளவு எழும்பிவிடும். வீட்டில் போய் மாட்டினால் ஒரு நீள பீப், இரண்டு குட்டி பீப். திரை வராது.

அந்த பீப் சத்தத்துக்கு ஊர் கண்டுபிடித்த மருந்து பென்சில் அழிக்கும் ரப்பர். கார்டைக் கழற்றி, தங்கப் பற்களை ரப்பரால் தேய்த்து, ஊதி, மறுபடி மாட்டினால் பத்தில் ஏழெட்டு முறை மெஷின் உயிர்த்துவிடும். ஆனால் உயிர் வந்ததற்குக் கழற்றி மாட்டியதே பெரும்பாலும் காரணம். ரப்பருக்குப் புகழ் போய்ச் சேர்ந்தது. அந்தத் தங்க முலாம் ஒரு மைக்ரான் தடிமன்கூட இருக்காது. வெள்ளிக் கொலுசுக்குப் பெயர்பெற்ற சேலத்துக்கு முலாமைத் தேய்த்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டுமா? தேய்க்கும்போதே நிலைமின்சாரம் பிறக்கும் என்பது கூடுதல் வேடிக்கை. சுத்தமான துணியும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் அதைவிட மேல்.

1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமானது. விஎஸ்என்எல் இன்டர்நெட் தொடங்கி அப்போது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. 1998க்குப் பிறகு தனியார் நிறுவனங்களும் இன்டர்நெட் விற்க வந்ததும், பிசிஐ ஸ்லாட்டுகளில் 56கே மோடம் கார்டுகள் குடியேறின. டெலிபோன் ஒயர் அதுவரை சுவரோடு நின்றது. இப்போது நேரே மதர்போர்டுக்குப் பக்கத்தில் வந்து செருகிக்கொண்டது. அந்த ஒயரின் மறுமுனை வயல்களையும் தோப்புகளையும் தாண்டி, கம்பம் கம்பமாக வானத்தின் கீழ் தொங்கியது. சித்திரை, வைகாசியில் சேர்வராயன் மலைமேல் கறுத்துக்கொண்டு வரும் கோடை இடிக்கு அது போதும். பக்கத்தில் எங்கோ விழுந்த மின்னலின் அதிர்வு ஒயரில் ஏறி மோடம் கார்டைக் கருக்கும். சில சமயம் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். இடி கேட்டால் கரண்டு பிளக்கைப் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள், டெலிபோன் ஜாக்கையும் பிடுங்க வேண்டும் என்று கற்றுக்கொண்டது ஒன்றிரண்டு மோடம் விலைக்குத்தான்.

அதே ஸ்லாட்டுகளில் கல்யாணமும் வந்து உட்கார்ந்தது. 1930களில் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸில் நூற்றுக்கு மேல் படங்கள் உருவான ஊர் சேலம். மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ 1938இல் அங்கே பிறந்ததுதான். ஸ்டுடியோ ஓய்ந்த பிறகு, ஊரில் படத்தொகுப்பு தொடர்ந்தது கல்யாண வீடியோ மிக்ஸிங் சென்டர்களில். விஎச்எஸ் கேசட்டிலிருந்து படத்தை இறக்க கேப்சர் கார்டு. மினிடிவி கேமரா வந்த பிறகு பயர்வயர் கார்டு. முகூர்த்த நாள் நெருங்க நெருங்க அந்த ஒரு கார்டை நம்பி இருபது குடும்பம் காத்திருக்கும். பயர்வயரில்தான் எர்த் பிரச்சினை மறுபடி தலைகாட்டியது. எர்த் இல்லாத கேபினெட்டும் கேமராவும் இயங்கிக்கொண்டிருக்கும்போது ஒயரைச் செருகினால், கேமராவின் போர்ட் கருகும். கேமரா கார்டைவிடப் பல மடங்கு விலை. இரண்டையும் அணைத்துவிட்டு ஒயரை மாட்டு, பிறகு போடு என்பது அந்தத் தொழிலின் எழுதப்படாத விதியானது.

அதற்குள் மதர்போர்டு ஒவ்வொரு கார்டாக விழுங்கத் தொடங்கியிருந்தது. சவுண்டு போர்டுக்குள் போயிற்று, நெட்வொர்க் போயிற்று, டிஸ்ப்ளேயும் போயிற்று. 2000ஐ ஒட்டி ஐஎஸ்ஏ ஸ்லாட் மறைந்தது. 2004இலிருந்து பிசிஐ எக்ஸ்பிரஸ் கடைகளுக்கு வந்தது. ஒரு வேடிக்கை: மதர்போர்டுகள் சீரியல் போர்ட்டைக் கைவிட்டபோது எடை மேடைக்காரர்கள் திகைத்தார்கள். லாரி ஏறி நின்றதும் எடையைக் காட்டும் கருவி பேசுவது அந்த 9 பின் போர்ட்டின் வழியாகத்தான். புது பிசி வாங்கிய கையோடு, பழைய போர்ட்டைக் கொடுக்கும் ஒரு கார்டையும் வாங்கி மாட்டினார்கள். எக்ஸ்டி காலத்து மல்ட்டி ஐ-ஓ கார்டு வேறு உருவத்தில் திரும்பி வந்தது என்றே சொல்லலாம்.

இன்றைக்கு ஸ்லாட்டைத் தேடி வருபவர் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு வாங்கிய கல்லூரி மாணவர். கார்டு ஒரு செங்கல் கனம். ஸ்லாட் தருவது 75 வாட். மீதிக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி ஒயர், 8 பின் ஒன்றுக்கு 150 வாட். ஸ்லாட்டின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி கார்டைப் பிடித்திருக்கும்; அதை விடுவிக்காமல் இழுத்து, கொக்கியோடு ஸ்லாட்டையும் பெயர்த்தவர்கள் உண்டு. ஜம்பர் போய்விட்டது, ஐஆர்க்யூ கவலை போய்விட்டது. பிளக்கைப் பிடுங்குவதும் பொத்தானை அழுத்துவதும் ஏடிஎக்ஸோடு கட்டாயமாயின; இரும்பைத் தொடுவது, ஓரத்தில் பிடிப்பது, ஸ்குரூ போடுவது ஆகிய மூன்றும் எக்ஸ்டி காலத்திலிருந்து அப்படியே இருக்கின்றன.

கிராபிக்ஸ் கார்டுக்கு 40 ஆயிரமோ 60 ஆயிரமோ கொடுக்கப் போகிறவர்கள், அதற்கு முன் பழைய கேபினெட்டின் பின்பக்கத்து இரும்பைப் புறங்கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். ஜிவ்வென்றால், கம்ப்யூட்டர் கடைக்குப் போவதற்கு முன் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். அவர் சாக்கெட்டைக் கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். எர்த் ஓட்டையிலிருந்து கிளம்பும் ஒயர் எங்கே போய் முடிகிறது என்று கேளுங்கள்.